கோழிக் கடை மனேஜருக்கு மாலை போட்ட விவரம்

மேற்கணக்கு லயம்,
தலவாக்கலை.

என்றும் மதிப்புக்குரிய செல்லசாமி மச்சான் அவர்களுக்கு,

கணேசமூர்த்தி பணிவுடன் எழுதுவது. வத்தளையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் தேகசுகத்தோடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே தேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவை கீழே.

நம் வீட்டில் இருந்த ஒரேயொரு ஸ்டூலை முன்காம்பராவிலிருந்து அடுப்படிக்கு மாற்றுவது என்று தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றப்பட்டது என்பதை முதற்கண் தங்களுக்கு அறியத்தருகிறேன். முன்மொழிந்தவர் தங்கள் தங்கை பூரணி. வழிமொழிய அவகாசம் தரப்படவில்லை. முன்மொழிந்துகொண்டே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஸ்டூலைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத் தலைவராக இருந்த காலம் முழுவதும் நான் அதில் உட்கார்ந்துதான் நாட்சம்பளத்தில் பேர் வெட்டு, தண்ணீர்க் குழாய், வேலித் தகராறு, புருஷன் பெண்சாதிச் சண்டை எல்லாவற்றையும் விசாரித்தேன். தலைவர் பதவி போய், சங்கமே இரண்டாகப் பிரிந்து ஒன்று ஆளும் கட்சியோடும் மற்றது எதிர்க்கட்சியோடும் சேர்ந்து, அடுத்த தேர்தலில் இரண்டும் இடம் மாறிக்கொண்ட பிறகும் அந்த ஸ்டூல் மட்டும் தன் நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தது. இப்போது அதில் என் மகள் லோஜினி உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீர்ச் சட்டிக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொள்கிறாள். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். இனி எழுதப்போகும் அத்தனையும் இந்த இடமாற்றத்திலிருந்து தொடங்கியவை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். லோஜினியின் போன் அவள் கையோடு போய்விடும்; வீட்டில் இருக்கிற போன் பூரணியின் போன். தங்களுக்கு எடுத்தால் அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். வெளியே கேட்கிற அளவில் அவள் சொல்லும் விவரத்தில் என்னைப் பற்றி ஒரு வசனத்துக்கு மேல் வருவதில்லை. வருகிற வசனமும் நல்ல வசனம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி, ஒரு பொறுப்புள்ள ஆளின் வாயிலாகத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே கடிதம் எழுதுகிறேன். லோஜினி தாய்மாமன் சொன்னால் கேட்பாள். தாங்கள் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடிதத்தின் முடிவில் குறிப்பிட்டிருக்கிறேன்.

லோஜினி உயர்தரப் பரீட்சை முடித்து அட்டன் டவுனில் கோழி பொரித்து விற்கிற, கண்ணாடிச் சுவர் வைத்த கடையில் வேலைக்குச் சேர்ந்தது தங்களுக்குத் தெரியும். தேயிலைக்குப் போகாமல் தொப்பி போட்ட உத்தியோகத்துக்குப் போகிறாள் என்று நான் லயம் முழுக்கச் சொன்னதும் தெரியும். தெரியாதது என்னவென்றால் அந்தக் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஊழியர் யாரும் உட்காரக்கூடாது. கண்ணில் படாத இடம் அந்தக் கடையில் மலசலகூடம் மட்டுமே. காலையில் போய் நிற்கிறவள் இருட்டிய பிறகுதான் பஸ் ஏறுகிறாள். பஸ்ஸிலும் பாதி நாள் நின்றுகொண்டுதான் வருகிறாள். கணுக்கால் இரண்டும் பொங்கி, செருப்பு வார் பதிந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். ஸ்டூல் பறிபோன கோபத்தில் நான் ஒருநாள் வாயைத் திறந்தேன். "ஒங்க அம்மா முப்பது வருசம் கொழுந்து மலையில நின்னா. ஸ்டூலா கேட்டா?" என்றேன். அடுப்புப் பக்கமிருந்து தங்கள் தங்கை பேசினாள். "கேட்டிருப்பேன். தலைவரு அதுல ஒக்காந்திருந்தாரு."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லோஜினிக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் நிற்பவள் கிருஷாந்தி, பொகவந்தலாவைப் பிள்ளை. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் அவளுடைய அப்பா ராமையா காலையில் கொல்லைப் பக்கம் போனவர் அங்கேயே விழுந்து இறந்துபோனார். தகவல் கடைக்கு வந்தது. அன்றைக்குக் கடையில் ஒரு பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம். லீவு வேண்டுமென்றால் மூன்று நாட்களுக்கு முன்பே போனில் உள்ள செயலி வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ராமையா மூன்று நாட்களுக்கு முன்பு யாருக்கும் எதுவும் அறிவித்திருக்கவில்லை. ஆனாலும் மனேஜர் மனிதாபிமானத்தோடு, மறுநாள் மதியக் கூட்டம் குறைந்த பிறகு போகலாம் என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் போனால் வேலை இல்லை. இனி அந்த வீட்டில் சம்பாதிக்கப்போவது அவள் ஒருத்திதான். அன்றைக்குக் கடை பூட்டியபோது பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் அவள் அந்த வளைவுகளையெல்லாம் வளைந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆண்கள் குழிமேட்டில் அடக்கம் முடித்துத் திரும்பிவந்து வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்து நேரே போனதால் சீருடையோடு போயிருக்கிறாள். தொப்பியைக் கழற்றக்கூட மறந்துவிட்டாளாம். அந்தத் தொப்பியில் ஒரு கோழி சிரித்துக்கொண்டிருக்கும்.

அன்று மாலை லோஜினி வெந்நீரில் காலை வைத்தவள் நெடுநேரம் எடுக்கவே இல்லை. தண்ணீர் ஆறிப்போனது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நம்ம தோட்டத்துல ஒருத்தரு செத்துட்டா என்னா செய்வாங்க?"

"என்னா செய்வாங்க? பெரட்டு கலஞ்சிரும்" என்றேன். காலையில் பேர் சொல்லி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்திலேயே சேதி வந்துவிட்டால் யாரும் யாரிடமும் லீவு கேட்பதில்லை. அத்தனை பேரும் கூடையைத் திருப்பிப் போட்டுவிட்டு சாவு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரையும் ஏன் என்று கேட்பதில்லை. எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை. எந்தத் துரையும் அதை மாற்றியதும் இல்லை.

"அவ அப்பா அங்க கெடக்காரு. நாங்க ஏழு பேரு ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு சொல்லிக்கிட்டு நின்னோம்ப்பா" என்றாள்.

இப்படித்தான் சங்கம் வந்தது. சில்லறைக் கடைகளிலும் துரித உணவுக் கடைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று புதிதாக ஒரு சங்கம் தொடங்கி, ஊர் ஊராக ஆள் சேர்க்கிறார்களாம். அட்டனில் ஆள் சேர்ப்பவன் எதிர்ப்பக்கத் துணிக்கடையில் நிற்கும் ஸஃப்வான் என்ற பையன். நல்ல பிள்ளை, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பள்ளிக்குப் போவதற்கே முதலாளியிடம் சண்டை போடுகிறவன். இவர்கள் ஏழு பேரும் அவனிடம் சேர்ந்தார்கள். கோரிக்கைகள் மூன்று: சாவுக்கும் கலியாணத்துக்கும் உடனே லீவு, கடை பூட்டிய பிறகு வீட்டுக்குப் போக வாகனம், உட்கார ஆளுக்கொரு ஸ்டூல். மூன்றாவது கோரிக்கையை வாசித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. நாட்சம்பளத்துக்காக நாட்டையே நிறுத்திய பரம்பரையில் பிறந்தவள் ஒரு பலகைக்கு நாலு காலுக்காகப் போராடப்போகிறாள். கூட்டம் நடக்கும் இடம் அட்டன்–தலவாக்கலை பஸ்ஸின் கடைசி வரிசை. ஏன் மண்டபம் எடுக்கவில்லை என்று கேட்டேன். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரே இடம் அதுதானாம்.

மச்சான், ஒரு தலைவன் என்ற முறையில் எனக்குச் சில சந்தேகங்கள் எழுந்தது இயற்கை. கதவு நிலையில் நின்றபடியே விசாரித்தேன்.

"கொடி என்னா நெறம்?"

"கொடி இல்லப்பா."

"தலைவரு யாரு?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும் தலைவருன்னா மாலைய யாருக்குப் போடுறது?"

"யாருக்கும் போட வேணாம்ப்பா."

"சரி, சந்தா? சம்பளத்துல பிடிச்சு சங்கத்துக்கு அனுப்புறாரா மனேஜர்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் தருவது சிரமம். "அவருக்குத் தெரியவே கூடாதுப்பா. தெரிஞ்சா அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிரும். இன்னும் மூணு கடப் புள்ளைங்க சேரணும். சேந்தப்புறம் எல்லாருமா ஒரே நாள்ல சொல்லுவோம். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது. நீங்களும்" என்றாள்.

இங்கேதான் தாங்கள் என் நிலையில் தங்களை வைத்துப் பார்க்க வேண்டும். துரைக்குத் தெரியாத சங்கம் என்று ஒன்றைத் தாங்கள் கேள்விப்பட்டதுண்டா? நம் தோட்டத்தில் யார் எந்தச் சங்கம் என்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே துரைக்குத் தெரியும். நம்முடைய சந்தாவை நம்முடைய சம்பளத்திலிருந்து வெட்டி நம்முடைய சங்கத்துக்கு மாதாமாதம் அனுப்பி வைப்பவரே அவர்தான். துரை ஒரு மாதம் வெட்ட மறந்தால் அந்த மாதம் சங்கம் இல்லை. புதிதாக ஒரு கிளை தொடங்கினால் தலைவர் என்ன செய்வார்? மாலையும் வெற்றிலைத் தட்டும் எடுத்துக்கொண்டு ஆபிசுக்குப் போவார். துரைக்கு மாலை போடுவார். உறுப்பினர்களைத் தகப்பன் பேரோடு ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். துரை தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்குப் பிறகுதான் அது சங்கம். அதுவரைக்கும் அது வம்பு. என் மகள் வம்பில் இருப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? அவளிடம் சொன்னால் தடுப்பாள், சின்னப் பிள்ளை, முறை தெரியாது; ஆகவே எதிர்பாராத ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே போனேன்.

துணைக்குப் பொன்னையாவை அழைத்துக்கொண்டேன். நம் பழைய பொருளாளர். இப்போது கண் சரியாகத் தெரியாது; ஆனால் எந்தக் கூட்டத்திலும் சரியான இடத்தில் கை தட்டுவார். தலவாக்கலைப் பூக்கடைக்காரன், "கலியாணமா, சாவா?" என்று கேட்டான். சங்கம் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு நடுத்தரமாக ஒன்றைக் கொடுத்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மதியத்துக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல கூட்டம். நாங்கள் தட்டோடு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் நின்ற துஷாந்த் என்ற பையன், "வாங்க அங்கிள், இங்கயே சாப்பிடவா, கொண்டு போகவா?" என்று கேட்டான். கொடுக்க வந்திருக்கிறோம் என்றேன். அப்போது உள்ளேயிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த லோஜினி என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பெட்டிகளை வைத்துவிட்டுக் குனிந்து, "அப்பா, வேணாம்ப்பா. போயிருங்கப்பா. கும்பிட்டுக் கேக்குறேன்" என்றாள். கடையில் தகப்பனைப் பார்த்த கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனேஜர் பிரதாப் வெளியே வந்தார். மச்சான், நான் அவரை ஒரு முரடனாகக் கற்பனை செய்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. என்னைக் கண்டதும் இடுப்பை வளைத்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க ஐயா. லோஜினி அப்பாவா? தலைவர்னு கேள்விப்பட்டிருக்கேன். நானும் ராகலப் பக்கம் தோட்டத்துப் புள்ளதான் ஐயா. எங்கம்மா இன்னும் மலைக்குத்தான் போறாங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பிள்ளை துரையாகியிருக்கிறான். மாலையைப் போட்டேன். கழுத்தை நீட்டிக் கொடுத்தார். முறை தெரிந்த பிள்ளை. பொன்னையா கை தட்டினார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் இரண்டு பேரும் என்னவோ ஏதோ என்று கை தட்டினார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நம்ம புள்ளைங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. ஐயாவோட ஆசீர்வாதம் வேணும்" என்றேன்.

அவர் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சிரித்தார். "ரொம்ப நல்லதுங்க ஐயா. சொல்லவே இல்லையே இந்தப் புள்ளைங்க. யாரு யாருன்னு சொன்னீங்கன்னா நான் நல்லபடியா பாத்துக்குவேன்."

அந்தச் சந்தர்ப்பத்தில் என் ஞாபகசக்தி என்னைக் கைவிடவில்லை என்பதைப் பொன்னையா சாட்சி சொல்வார். லோஜினி வீட்டில் சொல்லக் கேட்டிருந்தபடி ஏழு பேரையும் கை காட்டி, பேர், தகப்பன் பேர், தோட்டம் மூன்றையும் சொன்னேன். துஷாந்தைச் சொன்னபோது அவன் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் கீழே விழுந்தது. கவுண்டரின் அந்தப் பக்கம் நின்ற சர்மிளா என்ற பிள்ளை, "நான் இல்லீங்க சார், இந்த அங்கிள் ஆளு மாத்திச் சொல்றாரு" என்றாள். நான் விடவில்லை, "கூச்சப்படாதம்மா, லிந்துல கணக்கப்பிள்ளை மகதானே நீ" என்று உறுதிப்படுத்தினேன். எதிர்க்கடை ஸஃப்வானையும் மறக்கவில்லை. உழைத்தவனுக்கு உரிய பேர் போய்ச் சேர வேண்டும். மனேஜர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எல்லோரையும் பின்னால் வரிசையாக நிற்கவைத்து, மாலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். புறப்படும்போது குடும்பத்தோடு சாப்பிடுங்கள் என்று பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். பஸ்ஸில் பொன்னையா இரண்டு துண்டு சாப்பிட்டார். சூடு ஆறவில்லை. கிருஷாந்தி பொரித்தது.

அன்று மாலை லோஜினி வழக்கம்போல் வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டே கேட்டாள்.

"எல்லார் பேரும் சொல்லிட்டீங்களாப்பா?"

"ஒருத்தர் பேரும் விடலம்மா" என்றேன்.

"கிருஷாந்தி பேரு?"

"காலஞ்சென்ற ராமையா மகள்னு மரியாதையா சொன்னேன்."

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தங்கள் மருமகளை நல்லபடி வளர்த்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கோழியை மட்டும் யாரும் தொடவில்லை. பூரணி பெட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு சிறு நிர்வாகக் குழப்பம் ஏற்பட்டது. அதைப் பெரிதுபடுத்திப் பூரணி தங்களிடம் சொல்லியிருக்கலாம். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, மச்சான். நிறுத்துவதென்றால் கடிதம் கொடுக்க வேண்டும். யாருக்கும் எந்தக் கடிதமும் வரவில்லை. கடையில் ஒவ்வொரு வாரமும் யாருக்கு எந்த நேரம் வேலை என்று போனுக்கு ஓர் அட்டவணை வரும். அந்த வாரத்து அட்டவணையில் இந்த ஏழு பேருடைய பேர் இல்லை. அதற்கடுத்த வாரத்து அட்டவணையிலும் இல்லை. அவ்வளவுதான். ஸஃப்வானுடைய விஷயம் வேறு. அவனுடைய முதலாளியும் மனேஜரும் ஒரே இடத்தில் தேநீர் குடிக்கிறவர்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத தகவல். அவனுக்கும் கடிதம் எதுவும் கொடுக்கப்படவில்லை, இனி வர வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு அட்டனுக்குப் போனேன். வாசலில் நின்ற காவல்காரர் சிங்களத்தில், மனேஜர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனேஜர் சோஸ் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கவுண்டரில் நிற்பவர்கள் முகம் புதிதாக இருந்தது. சிரிக்கிற கோழித் தொப்பி அதேதான். மாலையில் மனேஜரே போன் எடுத்துப் பேசினார். குரலில் மரியாதை குறையவே இல்லை. "ஐயா, நான் யாரையாவது போகச் சொன்னேனா? இப்ப சீசன் டல் ஐயா, மேலருந்து ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. அடுத்த மாசம் பாப்போம். நீங்க இருக்கீங்கல்ல, நான் விட்டுருவேனா?" என்றார். இதைத்தான் வாக்குறுதி என்பது. நான் தலைவராக இருந்தபோது துரைமார் கொடுத்த வாக்குறுதிகளும் இதே வசனத்தில்தான் இருந்தன.

இதற்கிடையில் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம் வந்திருப்பதாகப் பொன்னையாவின் மகன் காட்டினான். நான் மாலை போடுகிறேன், மனேஜர் கும்பிடுகிறார், பின்னால் ஏழு பேரும் தொப்பியோடு நிற்கிறார்கள். 'எங்கள் ஊழியர்கள் எங்கள் குடும்பம்' என்று கீழே எழுதியிருக்கிறது. படத்தில் லோஜினி நேரே கமெராவைப் பார்க்கவில்லை; என்னைப் பார்க்கிறாள். நான் நன்றாக விழுந்திருந்தபடியால் அந்தப் பையனிடம் சொல்லி ஒரு லைக் போட்டேன். அதையும் பூரணி எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

போன வாரம் தலவாக்கலை பஸ் நிறுத்தத்தில் கிருஷாந்தியைப் பார்த்தேன். ஒரு பையோடு நின்றாள். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று நான் திரும்பியபோது அவளே கூப்பிட்டாள்.

"மாமா, எங்கப்பா பேரையும் சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா."

"அந்தக் கடையில யாருமே எங்கப்பா பேரு என்னான்னு கேட்டதில்ல மாமா. செத்தன்னிக்குக் கூட" என்றாள். பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டாள். அவள் என்னைத் திட்டினாளா, நன்றி சொன்னாளா என்று பூரணியிடம் கேட்டேன். பூரணி கேட்காததுபோல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாங்கள் கொழும்புப் பக்கம் நாலு பேரோடு பழகியவர். தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அறியத் தரவும்.

லோஜினியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறாள். விடியற்காலை முதல் பஸ்ஸுக்கே போய், இருட்டிய பிறகுதான் வருகிறாள். இந்தக் காலத்துப் படிப்பு அவ்வளவு கடினம். அங்கே நின்றுகொண்டுதான் படிக்கவைக்கிறார்கள் போலிருக்கிறது, கால் முன்போலவே வீங்கித்தான் வருகிறது. வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டேன். "மேல இருக்குப்பா" என்றாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். "எல்லாந்தான்ப்பா" என்றாள். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாள், மச்சான். அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. சோறு வைத்துக் கொடுக்கிறாள். குளிருக்கு என் சட்டையைத் துவைத்துக் கணப்புக்கு மேலே காயப்போடுகிறாள். முன்பு வேலைவிட்டு வந்தால் கடையில் எவன் என்ன கேட்டான், எந்த வெள்ளைக்காரி காரம் தாங்காமல் அழுதாள் என்று வாசற்படியிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அது மட்டும் இப்போது இல்லை. நான் அடுப்படிப் பக்கம் போனால் தாயும் மகளும் பேசிக்கொண்டிருக்கிற பேச்சு நின்றுவிடுகிறது. ஒருநாள் வாசலுக்கு வெளியே நின்று கேட்கலாம் என்று பார்த்தேன். செருப்புச் சத்தம் கேட்டு அப்போதும் நின்றுவிட்டது.

ஆகவே தாங்கள் அவளிடம் சொல்ல வேண்டியவை. ஒன்று, அப்பா செய்தது முறைப்படி செய்தது. இரண்டு, மனேஜர் அடுத்த மாதம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பழைய வேலை பழையபடி கிடைத்துவிடும், அதுவரைக்கும் வேறு எங்கும் போய் நிற்க வேண்டாம். மூன்று, சங்க விஷயத்தில் அடுத்த அடி என்ன எடுத்து வைப்பதென்றாலும் அனுபவமுள்ள ஒருவரிடம் கலந்தாலோசிக்கட்டும்; அப்படி ஒருவர் வீட்டிலேயே கதவு நிலையில் நின்றுகொண்டிருக்கிறார். நான்காவதாக, இதைத் தாங்களாகச் சொல்வதுபோல் சொல்லவும்: ராத்திரிச் சாப்பாட்டின்போது ஏதாவது பேசச் சொல்லுங்கள். கடை விஷயம் வேண்டாம். மழையைப் பற்றி என்றாலும் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்துப் பெரிய இடத்தில் உட்கார எல்லாம்வல்ல முருகன் அருள் புரிவானாக. ரதோற்சவத்துக்கு இந்த முறை வருவதானால் முன்கூட்டி அறிவிக்கவும், ஸ்டூலைக் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
சி. கணேசமூர்த்தி
(முன்னாள் தோட்டத் தலைவர்)

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பூரணியிடம் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். அனுப்ப வேண்டியதில்லை, அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்றாள். கம்பியூட்டர் வகுப்பு என்று ஒன்று இல்லையாம். லோஜினியும் கிருஷாந்தியும் நுவரெலியாவில் ஒரு கடையில் வேலை செய்கிறார்களாம். தாங்கள்தான் ஆளைப் பிடித்துச் சேர்த்துவிட்டீர்களாம். அங்கேயும் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்களாம். முத்திரை ஏற்கனவே ஒட்டிவிட்டபடியால் கடிதத்தை அனுப்புகிறேன். எந்தக் கடை என்று பூரணி எனக்குச் சொல்லவில்லை.